மண்ணில் கிடைத்ததும் மனத்தில் இருந்ததும்

உடைந்த பொம்மை ஒன்றைக் கண்டெடுத்து, அதைச் செய்த மக்களின் சமயம் இன்னதென்று உறுதி கூறிவிட முடியுமா? முடியும் என்று எண்ணினார் ஆர்தர் எவான்ஸ் என்னும் ஆங்கில அறிஞர்.

இன்று கிரேக்க நாட்டைச் சேர்ந்துள்ள கிரீட் தீவில், கினோசஸ் என்னுமிடத்தை 1900-ல் அவர் அகழத் தொடங்கினார். கல் இருக்கை ஒன்று கிடைத்தது. அது இருந்த அறை அரியணை மண்டபமாயிற்று. வேறோர் அறை அரசியின் அறையாயிற்று. 1903-ல் பாம்பேந்திய பெண்ணுருவங்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. பெரியதைப் பாம்புத் தேவி என்றும், சிறியதை அவளுடைய பூசாரிணி என்றும் அழைத்தார். சிறிய உருவத்திற்குத் தலை கிடைக்கவில்லை. ஆகவே கலைஞர் ஒருவரைக் கொண்டு தலை செய்வித்து, தனியே கிடைத்த பூனை உருவத்தை அதன் உச்சியில் பொருத்தினார். அம்மக்கள் ஒரே மாபெருந் தாய்த் தெய்வத்தை வணங்கினர் என்பது அவர் கொண்ட முடிவு.

எவான்ஸ் பொய்யர் அல்லர். தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு உழைத்தவர். ஆயினும் அரசரும் அரசியும் அரண்மனையும் நிறைந்த விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். ஆதி மாந்தர் யாவரும் தாய்த் தெய்வத்தையே வணங்கினர் என்ற கருத்தும் அந்நாளைய அறிஞரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. அந்தக் கண்ணாடியை அணிந்தே அவர் மண்ணைப் பார்த்தார்.

1941-ல் அவர் மறைந்தார். அங்கே கிடைத்த களிமண் ஏடுகளின் எழுத்துகளுள் ஒருவகையை 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்பார் படித்தறிந்தார். அம்மொழி பழைய கிரேக்கம் எனத் தெரிந்தது. அவ்வுருவங்களுக்குச் சில தலைமுறைகள் பிந்திய அவ்வேடுகளில் ஒரு தேவி அல்ல, பல தெய்வங்களின் பெயர்கள் உள்ளன. எல்லாத் தெய்வங்களுக்கும் தேன் படைத்த கணக்கும் உள்ளது. அதற்கும் முந்திய எழுத்து இன்றளவும் படிக்கப்படவில்லை. ஆகவே பாம்பேந்திய அப்பெண் யார் என்பதை அவளைச் செய்தவர்கள் வாயிலாக நாம் இன்னும் கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறான வழியில் நடந்தவர் குவாரிஸ்மில் 973-ல் பிறந்த அறிஞர் அல்பீரூனி. இந்தியரின் சமயத்தைப் பற்றி எழுத முற்பட்டபோது, பிறர் எழுதியதைப் பார்த்து எழுதும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. சமஸ்கிருதம் கற்றார், பண்டிதர்களிடம் கேட்டறிந்தார், அவர்கள் கூற்றை அவர்கள் கூறியவாறே எழுதினார். கற்றோர் நம்பிக்கை வேறு, பாமரர் வழக்கம் வேறு எனவும் பிரித்துக் காட்டினார். குறை கண்ட இடத்தில் குறையும் கூறினார். ஆனால் முதலில் கேட்டார், பின்னரே கூறினார். அந்நூல் ஏறத்தாழ 1030-ல் நிறைவுற்றது.

நமக்கும் இதில் பங்குண்டு. ஏசு கிறிஸ்துவின் பெயரால் கிறிஸ்தவர் எனப்படுவது போல், நம்மையும் நபிகளாரின் பெயரால் ‘முகம்மதியர்’ என்றே ஐரோப்பியர் நெடுங்காலம் எழுதினர். 1949-ல் கூட கிப் என்னும் பேராசிரியர் தம் நூலுக்கு அவ்வழியிலேயே பெயர் வைத்தார். இறைவனையன்றி எவரையும் வணங்காத நமக்கு அப்பெயர் எவ்வளவு பொருந்தாதது என்பதை நாம் அறிவோம்.

அந்த வருத்தத்தை அறிந்த நாம், அண்டை வீட்டாரின் வழிபாட்டைப் பற்றிப் பேசும்போது எவான்ஸைப் போல் தலை செய்து பொருத்துகிறோமா, அல்பீரூனியைப் போல் கேட்டறிகிறோமா? பிறர் நமக்குச் செய்யலாகாது என்று எதைக் கருதுகிறோமோ, அதை நாமும் பிறருக்குச் செய்யாதிருத்தலே நீதியாகும்.