வலைத்தளம் நிறுவியபின் முதற் கடமைகள்

கூட்டுறவுச் சங்கங்கள் சில வலைத்தளம் அமைக்க முற்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பதால் பலரும் அதனையே நாடுகின்றனர். ஆயினும் தறியை நாட்டியதும் சேலை நெய்தாகிவிடாது. நிறுவியபின் ஆற்றவேண்டிய பணிகள் சில உள.

முதலில், மென்பொருளுடன் வரும் மாதிரிப் பதிவையும் மாதிரிப் பக்கத்தையும் நீக்குதல் வேண்டும். அடுத்து, நேர மண்டலத்தைக் கொல்கத்தா எனக் குறிக்க வேண்டும். உலகப் பொது நேரத்திலேயே விட்டுவிட்டால், காலை 6 மணிக்கென நாம் குறித்துவைத்த கொள்முதல் விலை அறிவிப்பு 11.30-க்கே வெளிவரும். விளைபொருளுடன் வந்த அங்கத்தினர் அதற்குள் தரகரிடம் விற்றுத் திரும்பியிருப்பார். பக்கங்களின் முகவரி அமைப்பையும் தொடக்கத்திலேயே முடிவு செய்க. பின்னர் மாற்றின் பழைய இணைப்புகள் இழைபோல் அறுபடக்கூடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது பொறுப்புப் பங்கீடு. நிர்வாகி உரிமை காரியதரிசியிடம் இருக்கட்டும். விலை பதியும் எழுத்தருக்கு ஆசிரியர் உரிமை போதும். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். நிர்வாகியின் மின்னஞ்சல் சங்கத்தினுடையதாகவே இருத்தல் அவசியம். தனியொருவருடையதாயின், அவர் விலகும் நாளில் சங்கத்தின் உடைமை சங்கத்துக்கே அந்நியமாகிவிடும்.

கோப்புகள், தரவுத்தளம் இரண்டையும் படியெடுத்து வேறிடத்தில் காத்திடுக. கணக்கேட்டைப் பேணும் கவனம் இதற்கும் உரியதென்பதை அங்கத்தினர்கள் பேரவையில் வலியுறுத்துவார்களென நம்புகிறோம்.