சிற்றருவியும் மின்வலுவும்

ஆறில்லாத யாழ்ப்பாணத்திலே பிறந்து, மாரியில் மாத்திரம் பாயும் வழுக்கியாற்றையே ஆறென்று கொண்டாடும் நம்மனோர்க்கு, மலைநாட்டுச் சிற்றருவியொன்று தேயிலைத் தொழிற்சாலை முழுவதையும் இயக்கும் என்பது வியப்பாகவே தோன்றும். பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918 ஆம் ஆண்டிலே நம் நாட்டு நீர்வலுவின் பயனை எடுத்துரைத்ததையும், 1950 இல் இலக்சபானா மின் வழங்கத் தொடங்கியதையும் பலர் அறிவர். நாம் ஈண்டுக் கூறப்புகுவது அவ்வளவு பெரிய நிலையத்தைப்பற்றி யன்று.

அருவிக்குக் குறுக்கே ஒரு சிற்றணை. அதிலிருந்து மலைச்சரிவை யொட்டிச் செல்லும் வாய்க்கால். அதன் முடிவில் ஒரு தொட்டி. தொட்டியிலே மணல் படிதல் வேண்டும். படியாவிடின் அம்மணலே சுழலியை அராவிவிடும். தெளிந்த நீர் இரும்புக் குழாயினூடே இறங்கி, சுழலியைச் சுழற்ற, அதனோடிணைந்த மின்பிறப்பாக்கி மின்னைப் பிறப்பிக்கின்றது. நீர் குறைந்து உயரம் மிகுந்தவிடத்து, 1880 இல் பெல்தன் என்பார் உரிமைபெற்ற கிண்ணச் சில்லு ஏற்றது.

மாணவர் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். செக்கனுக்கு 100 இலீற்றர் நீர் 50 மீற்றர் உயரத்தினின்று வீழின், அதன் வலு ஏறக்குறைய 49 கிலோவாற்று. நூற்றுக்கு எழுபது பங்கே கைக்கெட்டினும் 34 கிலோவாற்று ஆகும். நீர் பாதியாகி உயரம் இரட்டித்தாலும் விடை அதுவே.

விளக்குகளை ஒருங்கே அணைத்தால் பளு குறைந்து சில்லு வெறிகொண்டு ஓடும். ஆகவே கிராமத்துச் சிறுநிலையங்களில், எஞ்சிய மின்னை நீரிலமிழ்த்திய சூடாக்கும் கம்பிச்சுருளுக்குத் திருப்பிவிடுவர். எளிய உபாயம், ஆயினும் நுட்பமானது.

தோட்டங்களில் இவ்வாறு பிறந்த மின் கொழுந்து அரைக்கும் பொறிகளுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும் சென்றது. அவ்வருவிக்கு அருகிலேயே வாழ்ந்த தொழிலாளரின் லயன்களோ நெடுங்காலம் குப்பிவிளக்கிலேயே கிடந்தன. இதனைச் சொல்லாது பொறியை மாத்திரம் புகழ்தல் நமக்கு ஒவ்வாது. பின்னர் நாட்டின் பொது மின்கம்பி வரவே, அந்நிலையங்கள் பல துருப்பிடித்தன. 1990 களிலே சிறுநிலையங்கள் மீண்டும் எழுந்து பொது மின்வழியோடு இணையலாயின.

இன்றைய வழக்கு வேறு. அணைக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடை வறண்டால் மீனுமில்லை, ஊராருக்குக் குளிக்குந்துறையுமில்லை. மாரியில் இவ்வழக்கு எழுவதில்லை. கோடையில், எஞ்சிய சிறிது நீரையும் வாய்க்காலுக்குள் திருப்பும்போதே எழுகின்றது. அந்நாட்களில் சில்லை நிறுத்தியேனும் ஓடைக்குரிய நீரை விடுதல் வேண்டுமென்பதே நம் கருத்து.