துண்டு விழுந்தது எங்கே?

அந்தக் காலத்துச் சர்க்கார் கடுதாசிகளில் பென்ஷனுக்கு 'உபகாரச் சம்பளம்' என்று பெயர். உபகாரமாம், உபகாரம்! முப்பதாண்டு கோப்பு சுமந்து, கண் மங்கி, முதுகு வளைந்து வெளியேறுகிறவனுக்குத் துரை மனமிரங்கிப் போடும் காசு என்று பொருள். அந்த எண்ணத்தைத்தான் 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உடைத்தெறிந்தது. ஓய்வூதியம் தயவு அல்ல, உழைத்த காலத்துக்குரிய உரிமை என்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

இருபது ஆண்டு கழிந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேருவோருக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றது தமிழக அரசு. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசும், முப்படையினர் நீங்கலாக, அதே வழியில் நடந்தது. மார்ச்சு 31-இல் சேர்ந்த ஆசிரியருக்கு ஆயுள் முழுதும் ஓய்வூதியம்; மறுநாள் அதே பள்ளியில், அடுத்த வகுப்பில் சுண்ணக்கட்டி எடுத்தவருக்கோ மாதந்தோறும் பத்து விழுக்காடு பிடித்தம், அரசு சேர்க்கும் அதே அளவு பங்கு, கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. அத்தோடு சரி! பறிபோன சலுகைகளைக் கேட்டு அவ்வாண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டதையும், பிறகு பெரும்பாலோர் திரும்ப எடுக்கப்பட்டதையும் நாடு மறந்திருக்காது.

ஏன் இந்த மாற்றம்? வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழுகிறது என்றார்கள். சரி, கணக்கையே பார்ப்போம். ஏற்கெனவே ஓய்வு பெற்றோருக்குப் பழைய ஓய்வூதியம் கொடுத்தே ஆகவேண்டும். புதியவர்களுக்கும் மாதாமாதம் பங்கு கட்டவேண்டும். ஒரே கருவூலத்திலிருந்து இரண்டு செலவு! முதல் இருபது முப்பது ஆண்டுகளில் இந்தத் திட்டத்தால் துண்டு சுருங்காது, நீளும். சிக்கனம் என்று சொன்னவர்கள் இதைச் சொன்னார்களா? சட்டமன்றத்தில் உட்கார்ந்து எழுந்தவருக்கும் ஓய்வூதியம் உண்டு; அவர் ஊதியத்தில் அதற்காகப் பத்து விழுக்காடு பிடித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டோம். ராஜஸ்தான் 2022-இல் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தது. பஞ்சாப், இமாசலப் பிரதேசம் முதலியவையும் அடுத்தடுத்து அறிவித்தன. கைதட்டல் கிடைத்தது. அன்றைய கணக்குக்கும் அது இலாபமே, பங்குத் தொகை கட்டவேண்டியதில்லை அல்லவா! 2004-க்குப் பின் சேர்ந்தவர்கள் கூட்டங் கூட்டமாக ஓய்வு பெறும்போதுதான் சீட்டு வரும். அன்று நிதியமைச்சராக இருக்கப்போகிறவர் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம். உறுதியும் வேண்டும், அதற்கான பணத்தை இன்றே ஒதுக்கி வைக்கவும் வேண்டும் என்பதே நம் கட்சி.

2024 ஆகஸ்டில் மத்திய அரசே இறங்கி வந்தது. இருபத்தைந்து ஆண்டு உழைத்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி. ஊழியர் பங்கு பத்து, அரசின் பங்கு 18.5 விழுக்காடு, 2025 ஏப்ரல் முதல் அமல். 2026 ஜனவரி 3-இல் தமிழக அரசும் கடைசிச் சம்பளத்தில் பாதி என்று உறுதி கூறியது. இருபத்திரண்டு ஆண்டு சுற்றிவிட்டு ஏறக்குறைய புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறார்கள்!

இடையில் வெறுங்கையோடு ஓய்வு பெற்றுப் போனவர்கள்? அவர்களுக்கும் ஏதோ உண்டு என்று அதே அறிவிப்பில் சொன்னார்கள். அதற்கு வைத்த பெயர், கருணை ஓய்வூதியம். கருணையாம்!