பெயர் பெற்ற பூச்சி

மழைக்காடுகளில் வாழும் பூச்சிகளுள் இன்னும் பெயரிடப்படாதவை மிகப் பல. ஓர் உயிரியைக் கண்ட மாத்திரத்தில் அது புதிய சிற்றினம் என ஏற்கப்படுவதில்லை. அறிவியல் முறைப்படி விளக்கப்பட்ட பின்னரே அத்தகுதியைப் பெறுகிறது.

உகாண்டா நாட்டின் மேற்கிலுள்ள கிபாலே தேசியப் பூங்காவில், 2018ஆம் ஆண்டு ஆல்வின் ஹெல்டன் என்னும் ஆய்வாளர் ஒரு தத்துப்பூச்சியைக் கண்டெடுத்தார். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பச்சைத் தத்துப்பூச்சியின் குடும்பத்தைச் சேர்ந்த அதன் நீளம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர். குழிகள் நிறைந்த அதன் உடல் உலோகம்போல் மின்னியது. அதன் பேரினம் அதற்குமுன் இறுதியாகப் பதிவானது 1969ஆம் ஆண்டில், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில்.

தத்துப்பூச்சிகள் பல புறத்தோற்றத்தில் ஒத்திருப்பவை. ஆகவே, ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியால் ஆராய்ந்தே அவற்றை வேறுபடுத்துவர். அறிந்த வேறுபாடுகளைச் சொல்லாலும் படத்தாலும் விளக்கி, பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் இணைந்த இருசொற்பெயரைச் சூட்டி, ஆய்விதழில் வெளியிடுவர். பின்வருவோர் ஒப்பிட்டறிய, அப்பெயருக்குச் சான்றான பூச்சியையும் பாதுகாப்பர். இம்முறைப்படி 2022இல் அப்பூச்சி ‘ஃபுளோகிஸ் கிபாலென்சிஸ்’ எனப் பெயர் பெற்றது. பெயரின் பிற்பகுதி அது வாழும் காட்டைக் குறிக்கிறது.

பெயரற்ற உயிரினம் அழிந்தால், அழிந்தது இன்னதென்று எவரும் அறியார். காக்கவேண்டியவற்றின் பட்டியலிலும் அதற்கு இடம் கிடைப்பது அரிது. வெப்பமண்டலக் காடுகள் சுருங்கிவரும் இக்காலத்தில், பெயரிடும் பணி உயிர்களைக் காக்கும் பணியின் முதற்படியாகும்.