ரியாலும் திர்ஹமும் ஒரே கணக்கில்

வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. முடிக்க முயலும் நம்மவர்கள் பலர் ஓர் இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். விடுமுறை நாளில் கேம்ப் கேம்பாகப் போய்க் கேள்வித்தாள் கொடுத்து, பதில்களைக் கணினியில் ஏற்றி, எஸ்.ஈ.எம். எனப்படும் கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரியை ஓடவிடுவார்கள். ‘தீர்வு கிடைக்கவில்லை’ என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். தெரிந்தவர்களைக் கேட்டால், தொடக்க மதிப்பை மாற்றிப் பார் என்பார்கள். எதை, எவ்வளவுக்கு மாற்றுவது?

உதாரணமாக, பணித்திருப்தியை நேராக அளக்க முடியாது. நாலைந்து கேள்விகளின் பதில்களிலிருந்துதான் அதை ஊகிக்கிறோம். மென்பொருளும் இதை ஒரே சூத்திரத்தில் போட்டு விடை எடுப்பதில்லை. ஓர் ஊகத்தில் தொடங்கி, படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகிறது. லிவா பாலைவனத்தின் மணல்மேடுகளுக்கு நடுவே, கும்மிருட்டில், காலால் சரிவைத் தடவி மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடுகிற மாதிரி. முதலில் எங்கே நிற்கிறோமோ அதுதான் தொடக்க மதிப்பு. தவறான மேட்டில் நின்றால் வழியிலேயே ஏதாவது ஒரு குழியில் மாட்டிக்கொள்ளலாம்.

பெரும்பாலும் மென்பொருளே இந்த இடத்தைத் தேர்ந்துகொள்ளும். உதாரணமாக, ‘லாவான்’ ஒவ்வொரு கேள்வியின் பிழை வேரியன்ஸையும், தரவில் உள்ள வேரியன்ஸில் பாதியாக வைத்துத் தொடங்கும். அது போதாதபோதுதான் நாம் கை வைக்க வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் அலகைப் பாருங்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் அங்கேதான். துபாயில் சம்பளத்தின் திட்ட விலக்கம் 2,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். வேரியன்ஸ் அதன் வர்க்கம், அதாவது 40 லட்சம். பக்கத்திலேயே, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் திருப்திக் கேள்வியின் வேரியன்ஸ் 1. மலையையும் மணல் துளியையும் ஒரே தராசில் நிறுக்கச் சொல்கிறோம். சம்பளத்தை ஆயிரம் திர்ஹம் கணக்கில் எழுதினால் அந்த 40 லட்சம் வெறும் 4 ஆகிவிடும்.

மஸ்கட்டையும் சேர்த்து இரு குழுக்களாக ஓட்டுகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். டாலருக்கு 3.6725 திர்ஹம், ஒரு ஓமான் ரியாலுக்கு 2.6008 டாலர். ஆக ஒரு ரியால் ஏறத்தாழ 9.55 திர்ஹம். வேரியன்ஸில் இது வர்க்கமாகி 91 மடங்காகும். துபாய்க்கு எழுதிய 40 லட்சத்தையே மஸ்கட்டுக்கும் போட்டால் தவறாகும்; சம்பளப் பரவல் அங்கும் அதே அளவு என்றால், ரியாலில் இருக்க வேண்டியது 44 ஆயிரத்தை ஒட்டி. இரண்டையும் ஒரே நாணயத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து, குறி. ‘வேலையை விட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது’ என்பது திருப்திக்கு எதிர்த்திசைக் கேள்வி. அதன் காரணிச் சுமைக்கு, அதாவது அது திருப்தியோடு எவ்வளவு இணைகிறது என்ற எண்ணுக்கு, 0.8 என்று தொடங்கினால் தவறான பக்கம் நடக்கவிடுகிறோம். அது மைனஸ் 0.8 ஆக இருக்க வேண்டும். இன்னொரு நல்ல வழி, சின்ன மாதிரியை முதலில் ஓட்டி, அதில் வந்த விடைகளைப் பெரிய மாதிரிக்குத் தொடக்கமாகக் கொடுப்பது.

ஆமோஸ் மென்பொருளில் ஒரு சின்னக் குறியைத் தவறவிட்டுவிடாதீர்கள். 0.8 என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டால் அது தொடக்க மதிப்பு. கேள்விக்குறி விட்டுப்போனால் அந்த எண் நிலையாகப் பூட்டப்பட்டுவிடும், மென்பொருள் எச்சரிக்காது. மாதிரியின் சுதந்திர அளவு (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) எதிர்பார்த்ததைவிட ஒன்று கூடியிருந்தால் அங்கே தேடுங்கள்.

வேறு வேறு தொடக்கங்களிலிருந்து ஒரே விடைக்கு வந்தால் நம்பலாம். வேரியன்ஸ் மைனஸில் வந்தால், அது 1931-இல் ஹேவுட் என்பவர் எழுதிய நோய். மாதிரியையும் தரவையும்தான் சந்தேகிக்க வேண்டும். சில மாதிரிகள் சப்கா உப்புத்தரை போல, சரிவே இருக்காது. வேறெதோடும் இணைக்காமல் இரண்டே கேள்விகளால் ஒரு திருப்தியை அளந்தால், தரவு தருவது மூன்று எண்கள், தெரிய வேண்டியது நான்கு. எந்தத் தொடக்க மதிப்பும் இங்கே உதவாது. மூன்றாவது கேள்வியைத் தேடிக் கேள்வித்தாளுக்குத்தான் திரும்ப வேண்டும்.