வெந்தயத்துக்கும் பிரெஞ்சு ஒயினுக்கும் ஒரே வாசனை, தெரியுமா?

சாம்பார்ப் பொடிக்கு வெந்தயம் வறுக்கிறீர்கள். வாணலி சூடேறி, விதை லேசாகச் சிவந்து துள்ளத் தொடங்கும்போது ஒரு வாசனை எழும்பும் பாருங்கள், கசப்பும் காய்ச்சிய வெல்லமும் கலந்த மாதிரி, தெருமுனை வரை போகிற வாசனை! அதற்குக் காரணமான பொருளின் பெயர் சோடோலோன். பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலைப்பகுதியில் ‘வான் ஜோன்’ என்று ஒரு மஞ்சள் ஒயின் செய்கிறார்கள். அதன் தனி மணத்துக்கும் காரணம் அதே சோடோலோன்தான். தெரியுமா?

இன்னும் கேளுங்கள். சவான்யேன் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்து பீப்பாயில் ஊற்றிவிட்டால், ஆறு ஆண்டு மூன்று மாதம் அதை நிரப்புவதும் இல்லை, இறக்குவதும் இல்லை! மற்ற ஊர்களில் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். காற்றுப் பட்டால் காடியாகிவிடுமே என்ற பயம். ஜூராவில் அப்படியே விட்டுவிடுவார்கள். காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல, ஒயினின் மேல் ஈஸ்ட் மெல்லியதாகப் படர்ந்துவிடுகிறது. அந்த ஏடுதான் காவல். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது 620 மில்லி என்பது அந்த ஊர்க் கணக்கு. அதற்கென்றே ‘கிளாவ்லான்’ என்று ஒரு குட்டைப் புட்டி வைத்திருக்கிறார்கள். அது பிடிப்பதும் சரியாக 620 மில்லி! வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் வளர்ந்த அர்புவா இதே ஜூராவில்தான் இருக்கிறது. அவருக்கு அங்கே சொந்தமாகத் திராட்சைத் தோட்டமே இருந்தது.

இதை எதனோடு சாப்பிடுகிறார்கள்? அதே மலைப் பசுக்களின் பாலில் செய்த கோம்தே பாலாடைக்கட்டியோடு. அல்லது இதே ஒயினில், மோரெல் காளானும் பாலேடும் சேர்த்து வேகவைத்த கோழியோடு. கறிப்பொடி மணக்கும் கோழிக்கும் இதையே எடுத்து வைக்கிறார்கள் ஒயின் பரிமாறுகிறவர்கள். வெந்தயம் வறுத்துப் பழகிய நமக்கு அதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை!

எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்ற கேள்விக்குப் பெரிய ஓட்டல்காரர்கள் விடை சொல்வதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே மண் சொல்லிவிட்டது. ஓர் ஊரின் ஒயின் அந்த ஊர் அடுப்படியோடு சேர்ந்துபோகிறது. எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்கப் பார்க்க வியப்புதான்.

நாந்த் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கம். 1709ஆம் ஆண்டுக் குளிரில் அங்கிருந்த கொடிகள் கருகிப்போயின. குளிர் தாங்கும் ‘மெலோன் த பூர்கோஞ்’ என்ற வெள்ளைத் திராட்சையைப் பரவலாக நட்டார்கள். அதில் வருவதுதான் மஸ்கதே: எலுமிச்சை பிழிந்தது போன்ற புளிப்பு, கடற்காற்றின் லேசான உப்பு. அதே கரையில் விளைவது சிப்பி! பச்சைச் சிப்பியைத் திறந்து, ஓட்டோடு எடுத்து உறிஞ்சிவிட்டு ஒரு வாய் மஸ்கதே. வறுத்த மீன் மேல் நாம் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை அங்கே ஒயினே செய்துவிடுகிறது.

மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்பார்கள். அது வெறும் சம்பிரதாயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 60க்கும் மேற்பட்ட ஒயின்களைக் கடற்சிப்பி இறைச்சியோடு சுவைத்துப் பார்க்கவைத்துக் காரணத்தைப் பிடித்துவிட்டார்கள். இரும்பு! ஒயினில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால், சிப்பியின் கொழுப்போடு அது வினைபுரிந்து தொண்டையில் கவிச்சியைக் கிளப்பிவிடுகிறது. சிவப்பு ஒயின்களில் இரும்பு கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதால் பழி மொத்தமும் நிறத்தின் மேல் விழுந்துவிட்டது. இரும்பு குறைந்த சிவப்பு ஒயினை மீனோடு தாராளமாக வைக்கலாம்.

அப்படியானால் இறைச்சிக்கு ஏன் சிவப்பு? அறுசுவையில் துவர்ப்பு என்று ஒன்றைத் தனியாக எண்ணி வைத்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். கச்சல் வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். எச்சிலில் இருக்கும் புரதத்தைத் துவர்ப்பு பற்றிக்கொள்வதால் வருவது அது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானினும் இதே வேலையைத்தான் செய்கிறது. இத்தாலியின் ஃபுளோரன்ஸில் இரண்டு விரற்கடைக்கும் மேலான தடிமனில், எலும்போடு வெட்டிய மாட்டிறைச்சித் துண்டைக் கரியடுப்பில் வாட்டிக் கொண்டுவந்து வைப்பார்கள். பக்கத்தில் கியாந்தி ஒயின். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை மழுக்குகின்றன. துவர்ப்போ வாயில் படிந்த கொழுப்பை வழித்தெடுக்கிறது. அடுத்த கவளத்துக்கு வாய் மறுபடி புதிதாகிவிடுகிறது! அந்தக் கியாந்தி எந்த எல்லைக்குள் விளைய வேண்டும் என்று தஸ்கனி அரசர் மூன்றாம் கோசிமோ ஆணை போட்டது 1716இல்.

மோதேனா, பார்மா பக்கம் போனால் பன்றி இறைச்சிக் கொழுப்புக்கு நுரைக்கிற சிவப்பு லாம்ப்ருஸ்கோ. நுரையும் புளிப்பும் நெய்ப் பிசுக்கை அறுத்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

சரி, உணவகங்கள்? பிரான்ஸின் லியோன் நகரில் ‘பூஷோன்’ என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. நெருக்கமாகப் போட்ட மேஜைகள், அடுக்களையிலிருந்து குடல் வறுக்கும் வாசனை. ஆமாம், குடல்தான்! ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். ஒயின் வருவது ‘போ’ என்ற கண்ணாடிப் புட்டியில். அடிப்பாகம் கைக்கே கனமாகத் தெரியும் அளவுக்குத் தடித்த கண்ணாடி. கொள்ளளவு 46 சென்டிலிட்டர். அரை லிட்டரும் இல்லை, முக்கால் லிட்டரும் இல்லை! உள்ளே இருப்பது பெரும்பாலும் நகருக்கு வடக்கே விளைந்த போழொலே.

வியன்னாவில் இன்னொரு அதிசயம். நகர எல்லைக்குள்ளேயே பல நூறு ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது! தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினைத் தாங்களே விற்கலாம் என்று 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் அனுமதித்தார். அப்படி வளர்ந்தவைதான் ‘ஹொய்ரிகர்’ கடைகள். வாசலில் ஊசியிலைக் கிளைக் கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். ஒரே தோட்டத்தில் பல வகைத் திராட்சையைக் கலந்து நட்டு, ஒன்றாகப் பறித்து, ஒன்றாகப் பிழிந்த ஒயின் வரும். நம் அவியல் மாதிரி! மிளகாய்ப் பொடி கலந்த பாலாடைக்கட்டியை ரொட்டியில் தடவிக்கொண்டு, மரநிழலில் உட்கார்ந்து குடிக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மூத்த வீடு ஜார்ஜியா. கருங்கடலுக்குக் கிழக்கே, காகசஸ் மலையடிவாரத்து நாடு. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கதாச்ரிலி கோரா என்ற இடத்தில் தோண்டி எடுத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயம் இருப்பதாக 2017இல் அறிவித்தார்கள். வயது ஏறக்குறைய 8000 ஆண்டு! அந்த மண்ணில் இன்றும் பானையில்தான் ஒயின் செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? ‘க்வெவ்ரி’ என்பது முட்டை வடிவச் சுட்ட மண் தாழி. உள்ளே தேன்மெழுகு பூசி, வாய் மட்டும் தரையோடு தெரியும்படி புதைத்துவிடுவார்கள். ஆள் உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவும் அளவுக்குப் பெரிய தாழிகளும் உண்டு. இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

காகேதி வட்டாரத்தில் வெள்ளைத் திராட்சையைக்கூடத் தோல், விதை, காம்போடு தாழியில் போட்டு மாதக்கணக்கில் மூடிவிடுவார்கள். திறக்கும்போது ஒயின் தேன் நிறத்தில் இருக்கும், துவர்ப்போடு! இப்போது சமையலைப் பாருங்கள். கத்திரிக்காயை நீளவாக்கில் சீவி எண்ணெயில் வாட்டி, அக்ரூட்டும் பூண்டும் சேர்த்து அரைத்த விழுதைத் தடவிச் சுருட்டி, மேலே மாதுளை முத்துகளைத் தூவித் தருவார்கள். அத்தனை எண்ணெய்ப் பசையுள்ள விழுதுக்கு மெல்லிய வெள்ளை ஒயின் ஈடுகொடுக்காது, துவர்க்கிற தேன் நிற ஒயின் ஈடுகொடுக்கும். இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடும் ‘ம்த்ஸ்வாதி’க்கு அடுப்பில் வைக்கிற விறகு என்ன தெரியுமா? கவாத்து செய்து காயவைத்த திராட்சைக் கொடி! ஒரே கொடியின் சாறு கோப்பையில், சுள்ளி நெருப்பில். பிழிந்த சாற்றில் கொஞ்சம் மாவு சேர்த்துக் காய்ச்சி, நூலில் கோத்த அக்ரூட்டை அதில் முக்கி முக்கி எடுத்தால் மெழுகுவத்தி போலத் தொங்கும் ‘சுர்ச்கேலா’ மிட்டாய். கொடியில் வீணாவது எதுவுமில்லை.

விருந்துக்கு ‘சுப்ரா’ என்று பெயர். ‘தமதா’ என்ற ஒருவர் எழுந்து இறந்தவர்களுக்காக, பிள்ளைகளுக்காக, வந்த விருந்தாளிக்காக என்று ஒவ்வொன்றாக வாழ்த்துச் சொல்லச் சொல்லத்தான் கோப்பை உயரும்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இரண்டு காதுகளும் நீண்ட கழுத்தும் கொண்ட ரோமானிய ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணக்கும் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகி மகிழட்டும் என்று புறநானூற்றில் நக்கீரர் வாழ்த்துகிறாரே, அந்தத் தேறல் வந்த வகை ஜாடிகள்! சில ஜாடிகள் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை. கோஸ் ஒயினில் ஒரு விசேஷம் இருந்தது. அதில் கடல்நீர் கலப்பார்கள். அதைச் செய்யும் முறையை ரோமானிய எழுத்தாளர் காட்டோ எழுதிவைத்திருக்கிறார்.

உப்புக் கரிக்கும் ஒயின் கடல் தாண்டி வந்திருக்கிறது. எதனோடு குடிக்க? பிறகு அந்த ஓடுகளை ஆராய்ந்தவர்கள் எல்லாமே ஒயின் ஜாடிகள் அல்ல என்று கண்டார்கள். சிலவற்றில் வந்தது ஆலிவ் எண்ணெய். இன்னும் சிலவற்றில் வந்தது ‘கரும்’, மீனை உப்பில் ஊறவைத்து வடித்த சாறு. யவனர்கள் ஒயினை மட்டும் கப்பலேற்றவில்லை. அதற்கு ஏற்ற சமையலையும் கூடவே ஏற்றி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இறக்கியிருக்கிறார்கள்!