முப்பது சீட்டு, முப்பது விதம்

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் கைப்பேசியில் ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற சீட்டு விளையாட்டே கதி என்று இருக்கிறானாம். சீட்டுப் பொட்டலம் வாங்க அடிக்கடி காசு கேட்கிறானாம். “இதுவும் ஆன்லைன் ரம்மி மாதிரி சூதாட்டம்தானே, நிறுத்திவிடட்டுமா?” என்பது அவர் கேள்வி. கேள்வியை இரண்டாகப் பிரித்தால்தான் அவருக்கு நியாயமான பதில் கிடைக்கும். காசு கொடுத்துப் பொட்டலம் வாங்குவது ஒன்று. அதிலிருந்து வந்த சீட்டுகளை வைத்துக் கட்டு அமைத்து ஆடுவது வேறொன்று. முதலாவதைப் பற்றி எனக்கும் மனக்குறை உண்டு. இரண்டாவது, நான் மதிக்கும் ஒரு கைவினை.

சீட்டாட்டம் என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த வகை ஆட்டத்தில் எல்லோருக்கும் பொதுவான கட்டு கிடையாது என்பதுதான் புதுமை. பெரும் குவியலிலிருந்து அவரவர் தேர்ந்தெடுத்த சீட்டுகளோடு வந்து உட்கார வேண்டும். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணித அறிஞர் 1993இல் ‘மேஜிக்: தி கேதரிங்’ மூலம் இந்த வழியைத் திறந்தார். அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட ஹார்த்ஸ்டோன், அதே எண்ணத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. கட்டில் 30 சீட்டு. ஆட்டக்காரருக்கு 30 உயிர்ப்புள்ளி. ஒரே சீட்டு இரண்டு பிரதிக்கு மேல் கூடாது. ‘லெஜண்டரி’ வகையானால் ஒன்றே ஒன்று. முதல் சுற்றில் சீட்டு இறக்கச் செலவழிக்க ஒரு மானா, அடுத்ததில் இரண்டு என்று பத்து வரை ஏறும். விலை உயர்ந்த சீட்டுக்கு வலிமையும் அதிகம்.

அப்படியானால் வலிமையான முப்பதைப் பொறுக்கிக் கட்டிவிடலாமே என்று தோன்றும். புதிதாக ஆட வருகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். எட்டு மானா, ஒன்பது மானா சீட்டுகள் கைநிறைய இருக்க, முதல் நான்கு சுற்றும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் எதிராளி பாதி உயிரைக் குடித்திருப்பார். என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தீப்பெட்டி, உப்பு, சில்லறைப் பருப்பு என்று தினமும் நகரும் சரக்கில்தான் அவர் முதல் பெரும்பாலும் இருக்கும். முந்திரியும் ஏலக்காயும் ஒரு டப்பா அளவுக்கு மேல் வாங்க மாட்டார். நல்ல கட்டின் விலைப்பட்டியலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு, மூன்று மானா சீட்டுகள் குவிந்திருக்கும், விலை ஏற ஏற எண்ணிக்கை குறையும்.

அடுத்த பாடம், நல்ல சீட்டு என்றால் இரண்டு பிரதி வை என்பது. இது வெறும் கணக்கு. கட்டில் ஒன்றே ஒன்றாக இருக்கும் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆடுபவருக்குத் தொடக்கத்தில் மூன்று சீட்டு கிடைக்கும். பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதைத் தேடி மூன்றையும் மாற்றினாலும், ஆறாம் சுற்றுக்குள் அது கைக்கு வரும் வாய்ப்பு 100க்கு 38தான். ஒரே சீட்டை நம்பி ஆட்டம் கட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அந்தப் பாடத்தைத் தலைகீழாக்கிய ஒரு சீட்டு உண்டு. இந்த ஆட்டத்தின் சீட்டுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் பேசலாம் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். பெயர் ரெனோ ஜாக்சன். 2015 நவம்பரில் வந்தது. விலை ஆறு மானா. அதைக் களத்தில் இறக்கும்போது உங்கள் கட்டில் எந்தச் சீட்டும் இரண்டாக இல்லையென்றால், உங்கள் உயிர்ப்புள்ளி முழுதாகத் திரும்பிவிடும். இரண்டு புள்ளியில் ஊசலாடிக்கொண்டிருந்தாலும் மறுபடி 30.

இதற்குக் கொடுக்கும் விலையை எண்ணிப் பாருங்கள். இருப்பதில் சிறந்த 15 சீட்டை இரட்டிப்பாக வைத்துக் கட்டிய இடத்தில், இப்போது 30 வெவ்வேறு சீட்டு வேண்டும். பதினாறாவது சிறந்ததும் இருபத்தெட்டாவது சிறந்ததும் உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு ஆட்டமும் வேறுவிதமாக விரியும். மனப்பாடம் உதவாது, கையில் வந்ததை வைத்து அந்த நிமிடத்தில் யோசிக்க வேண்டும். இத்தனையும் 38 சதவீத வாய்ப்புள்ள ஒரு சீட்டுக்காக!

இந்த ஓட்டையை அடைக்க ஆட்டக்காரர்கள் போன இடம், ஆடத் தேர்ந்தெடுக்கும் பாத்திரங்களில் ஒன்றான வார்லாக். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு தனித்திறன் உண்டு. இரண்டு மானா கொடுத்து, இரண்டு உயிர்ப்புள்ளியும் இழந்தால், கூடுதலாக ஒரு சீட்டு எடுக்கலாம். இரண்டாம் சுற்றிலிருந்து ஐந்தாம் சுற்று வரை தவறாமல் எடுத்தால், ஆறாம் சுற்றில் ரெனோ கையில் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆகிவிடும். அதற்காக இழந்த எட்டுப் புள்ளியை யார் ஈடுகட்டுவார்? தேடிப் பிடித்த அதே ரெனோதான். நோயும் மருந்தும் ஒன்றையொன்று தேடிக்கொண்ட இந்தப் பொருத்தத்தை, சீட்டை வடிவமைத்தவர் எழுதித் தரவில்லை. கட்டுகிறவர்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கைவினை என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ரெனோ பார்ப்பது நீங்கள் கொண்டுவந்த கட்டை அல்ல. அவரை இறக்கும் நொடியில் கட்டில் மிச்சமிருப்பதைத்தான். ஆகவே துணிந்தவர் மிகத் தேவையான ஒரு சீட்டை மட்டும் இரட்டையாக வைக்கலாம். இரண்டில் ஒன்று கைக்கு வந்துவிட்டால் நிபந்தனை நிறைவேறிவிடும். சீட்டு எதையும் மாற்றாமல் ஆறாம் சுற்றில் ரெனோவோடு வந்து நின்றால், இரட்டையில் இரண்டும் இன்னும் கட்டுக்குள்ளேயே இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். அந்தப் பாதி ஆட்டங்களில் ரெனோ வெறும் பொம்மை. இரட்டை தரும் பலன் அந்த அபாயத்துக்குத் தகுமா என்பதைக் கட்டுகிறவர்தான் எடைபோட வேண்டும். கட்டு முழுவதும் தீர்ந்துபோயிருந்தாலும் ரெனோ வேலை செய்வார். இல்லாத கட்டில் இரட்டை ஏது?

கட்டியது போக, ஆடுவது தனிக்கலை. மேஜிக் ஆட்டக்காரர் மைக் ஃப்ளோரஸ் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் இத்துறைக்குப் பாடநூல். எந்த ஆட்டத்திலும் ஒருவர் தாக்குபவர், மற்றவர் தாங்குபவர். தன் பங்கு எது என்று தவறாக எண்ணியவர் தோற்பார் என்பது அதன் சாரம். ரெனோ கட்டில் இது பளிச்சென்று தெரியும். எதிரே ஹண்டர் பாத்திரம் என்றால் அவர் ஓடி ஓடி அடிப்பார்; நீங்கள் தாங்கிக்கொண்டு, அவர் கை காலியாகும்வரை காத்திருந்து, கடைசி நொடியில் ரெனோவை இறக்க வேண்டும். 15 புள்ளியில் பதறி இறக்கியவர் பாதி மருந்தைக் கொட்டிவிட்டவர். எதிரே கவசம் சேர்த்துக்கொண்டே போகும் வாரியர் என்றால் கதை வேறு. சீட்டு எடுத்து எடுத்து உங்கள் கட்டுதான் முதலில் தீரும். தீர்ந்த பின் எடுக்க முயலும் ஒவ்வொரு முறையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறுவரிசையில் அடி விழும். எட்டாவது முறையோடு கூட்டினால் 36. முழு உயிரையும் தாண்டிவிடும். அங்கே நீங்கள்தான் தாக்குபவர். கட்டு அதேதான், ஆள் மட்டும் மாற வேண்டும்.

இப்போது பொட்டலத்துக்கு வருகிறேன். ஒரு பொட்டலத்தில் ஐந்து சீட்டு. லெஜண்டரி ஒன்று சராசரியாக 20 பொட்டலத்துக்கு ஒருமுறை வரும் என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. வேண்டாத லெஜண்டரியை உடைத்தால் 400 தூள். வேண்டியதைச் செய்ய 1600 தூள். நான்கைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பேரம். பணம் கட்டி ஆடும் ரம்மி போலன்றி, இங்கே தோற்றால் காசு போகாது, ஜெயித்தாலும் வராது. ஆனால் என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துப் பிரிக்கும் பெட்டி, பிள்ளைகளின் மனத்தில் சூதின் வேலையைத்தான் செய்கிறது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் வேறு சில விளையாட்டுகளின் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. வருத்தம் என்னவென்றால், ரெனோ பொட்டலத்தில் வந்தவரே அல்ல. ஒரு சாகசப் பகுதியை, ஆடிச் சேர்த்த 700 பொற்காசு கொடுத்துத் திறந்து, அதன் எதிரிகளை வென்றால் நிச்சயமாகக் கிடைத்தார். 2017 முதல் அந்த வழியைப் பெரும்பாலும் கைவிட்டு, புதிய தொகுப்புகளைப் பொட்டலத்தில் அடைத்தார்கள். உழைத்தால் கிடைக்கும் என்றிருந்ததை அதிர்ஷ்டத்தின் கையில் கொடுத்தது நல்ல மாற்றமல்ல. எனவே அம்மா, பொட்டலத்துக்குக் காசு தராதீர்கள், ஆட்டத்தைத் தடுக்காதீர்கள்.

மகனிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வெற்றிபெற்ற யாரோ ஒருவரின் 30 சீட்டுப் பட்டியலை அப்படியே பார்த்து எழுதிக்கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. தொடங்குவதற்கு அது போதும். ஆனால் ஒவ்வொரு சீட்டும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்கு, கட்டு கலைந்தால் கை ஓடாது. அப்படியொரு சோதனை ஒருமுறை நேர்ந்தது. 2019இல் இரட்டையில்லாக் கட்டுகளுக்குப் புதிய சீட்டுகள் பல வந்து அவை பெருகின. அந்த டிசம்பரில், அவற்றின் கழுத்தைப் பிடிப்பதற்கென்றே, மூன்று மானாவுக்கு ஆல்பட்ராஸ் என்ற பறவைச் சீட்டு ஒன்று வந்தது. அது செத்தால் இரண்டு ஆல்பட்ராஸ் குஞ்சுகள் எதிராளியின் கட்டுக்குள் கலக்கப்படும். இரண்டும் ஒரே சீட்டு. இரட்டையில்லாத கட்டில் ஓர் இரட்டை நுழைந்துவிட்டது. பட்டியலை மட்டும் அறிந்தவர் கட்டே கெட்டது என்று கைவிடுவார். நிபந்தனையை அறிந்தவருக்கு இரண்டையும் வெளியேற்ற வேண்டியதில்லை, ஒன்று கைக்கு வந்தால் போதும் என்று தெரியும். மிச்சம் 15 சீட்டென்றால் குஞ்சுகளோடு 17. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் 17க்கு 2 என்று தொடங்கி வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். அவர் அந்தச் சுற்றில் தாக்குவதை விட்டுவிட்டு, சீட்டு எடுக்கும் வேலையில் மானாவைச் செலவழிப்பார்.